தேடியது கிடைத்த பிறகு

மருத்துவமனைக்குப் போய் வருவோர் கைகளில் பெரிய உறை ஒன்றை நாம் அடிக்கடி காண்கிறோம். அதற்குள் எக்ஸ்ரே படமோ ஸ்கேன் படமோ இருக்கும். உடன் ஓரிரு தாள்களில் ஓர் அறிக்கையும் இருக்கும். அந்த உறையைப் பிரிக்காமலேயே பங்கு இல்லத்திற்குக் கொண்டுவந்து, "செபம் பண்ணுங்க சாமி, அப்புறம்தான் டாக்டரிடம் காட்டணும்" என்று நீட்டும் தாய்மார் உண்டு. நாமும் அதன்மேல் கை வைத்துச் செபித்து அனுப்புகிறோம். உள்ளே இருப்பதை ஏற்கெனவே ஒருவர் பார்த்து எழுதிவிட்டார் என்பது அவ்வேளையில் நம் நினைவுக்கு வருவதில்லை. அறிக்கையின் அடியில் அவருடைய கையொப்பம் இருக்கும். அந்தப் பெயரை யாரும் வாசிப்பதில்லை. அறுவை மருத்துவரின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டிய குடும்பத்தை நாம் அறிவோம். கதிரியல் மருத்துவரின் பெயரைச் சூட்டிய குடும்பம் எதையும் கேள்விப்பட்டதில்லை. மக்கள் வாயில் அவர் வெறும் 'ஸ்கேன் டாக்டர்'.

நம் பங்கில் அப்படிப்பட்ட மருத்துவ அன்பர் ஒருவர் இருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட நட்பு. சில ஆண்டுகளுக்கு முன் அவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அக்கேள்விக்கு நாம் தந்த விடை சரியானதன்று எனப் பின்னர் உணர்ந்தோம். அதைச் சொல்வதற்கு முன் அவருடைய தொழில் எத்தகையது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஏனெனில் அத்தொழிலை அறியாமல் விடை சொன்னதே நாம் செய்த முதல் தவறு.

இருண்ட அறையில் ஒரு பிற்பகல்

அவருடைய இசைவோடு ஒரு நாள் பிற்பகல், அவர் படங்களைப் பார்க்கும் அறையில் ஓர் ஓரமாக அமர்ந்திருந்தோம். நோயாளியின் பெயர் எதுவும் நம் கண்ணில் படாதபடி அவர் பார்த்துக்கொண்டார். அறையில் விளக்குகள் மங்கலாக இருந்தன. திரையில் உள்ள நிழலின் நுட்பம் தெரிய வேண்டுமானால் சுற்றிலும் ஒளி குறைந்திருக்க வேண்டுமாம். வெளியே வெயில் கொளுத்திய நேரம். உள்ளே குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டுமே கேட்டது. பார்க்க வேண்டிய படங்களின் பட்டியல் ஒரு பக்கத்தில் நீண்டுகொண்டே இருந்தது. ஒன்றை முடித்தால் இரண்டு சேர்ந்தன.

சி.டி. ஸ்கேன் என்பது உடலை மெல்லிய சீவல்களாக்கிக் காட்டுவது. இம்முறையில் முதல் நோயாளியைப் படம் எடுத்தது 1971 அக்டோபர் முதல் நாளில், இலண்டன் மாநகரின் விம்பிள்டன் பகுதியில் இருந்த மருத்துவமனை ஒன்றில். அக்கருவியை உருவாக்கிய காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் 1979-இல் ஆலன் கார்மக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அன்று ஒரு சீவலை எடுக்கவே சில நிமிடங்கள் ஆயின. இன்று சில நொடிகளில் ஒரே நோயாளிக்கு நூற்றுக்கணக்கான படங்கள் வந்து விழுகின்றன. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு உண்டு: எட்டு மணி நேர வேலை நாளில் அனைத்தையும் முடிக்க வேண்டுமானால், அங்குள்ள கதிரியல் மருத்துவர் மூன்று நான்கு நொடிகளுக்கு ஒரு படம் வீதம் பார்த்தாக வேண்டும். கருவியின் வேகம் எத்தனையோ மடங்கு கூடிவிட்டது. மனிதக் கண் மட்டும் அன்றிருந்த கண்தான்.

இன்னொன்றையும் அவர் விளக்கினார். அப்படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. நீருக்குச் சுழியம், காற்றுக்குக் கழித்தல் ஆயிரம், எலும்புக்குப் பல நூறு. அத்தனை சாயல்களையும் நம் கண்ணால் ஒரே வேளையில் பிரித்தறிய இயலாது. ஆகவே அவற்றுள் ஒரு பகுதியை மட்டும் விரித்துக் காட்டுமாறு கருவியைத் திருப்புகிறார்கள். அதற்கு ஜன்னல் என்றே பெயர். நுரையீரலுக்கு ஒரு ஜன்னல், எலும்புக்கு ஒன்று, மென்தசைக்கு ஒன்று. நுரையீரல் ஜன்னலில் தெளிவாகத் தெரியும் சிறு கட்டி மற்றொரு ஜன்னலில் மறைந்துபோகும். படம் ஒன்றுதான், பார்க்கும் ஜன்னல்கள் பல. ஒரே ஜன்னலில் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர் பொய் சொல்பவர் அல்லர். ஆனால் அவர் சொல்வது முழு உண்மையும் அன்று.

நாம் அங்கிருந்த இரண்டு மணி நேரத்தில் அவர் எழுதிய அறிக்கைகளுள் பெரும்பாலானவை, குறிப்பிடத்தக்க கோளாறு எதுவும் இல்லை என்றே முடிந்தன. ஒன்றுமில்லாததைப் பார்ப்பதற்கா இவ்வளவு நேரம் என்று விளையாட்டாகக் கேட்டோம். "ஒன்றுமில்லை என்று எழுதுவதற்குத்தான் ஃபாதர் அதிக உழைப்பு. இருக்கிறது என்று சொல்ல ஓர் இடத்தைக் காட்டினால் போதும். இல்லை என்று சொல்ல எல்லா இடத்தையும் பார்த்திருக்க வேண்டும்" என்றார். அந்தச் சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. அவரால் 'இல்லை' என்று எழுதப்பட்டவர்கள் உறையைப் பிரித்து, பெருமூச்சு விட்டு, இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எல்லா இடத்தையும் பார்த்த கண்களை அவர்கள் நினைப்பதில்லை. நினைக்க வேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

மாலை நெருங்கியபோது ஒரு படத்தின்முன் அவர் கை நின்றது. முன்னும் பின்னுமாக அதை நகர்த்தினார், ஜன்னலை மாற்றினார், மீண்டும் முதலிலிருந்து பார்த்தார். நம்மிடம் எதுவும் சொல்லவில்லை. கதவு சற்றுத் திறந்திருந்ததால் வெளியே ஒரு பெண் குரல் கேட்டது: "ஒண்ணும் இல்லைதானே தம்பி?" ஸ்கேன் எடுத்த இளைஞரிடம் அவ்வம்மையார் கேட்டுக்கொண்டிருந்தார். "டாக்டர் பார்த்துச் சொல்வாரம்மா" என்றார் அந்த இளைஞர். அந்த அம்மையாரின் படம்தான் திரையில் இருந்ததா, நாம் அறியோம்; கேட்கவும் இல்லை. ஆனால் ஒன்று புரிந்தது. ஒருவருடைய வாழ்வு திசைமாறப் போவதை அவருக்கு முன்னமே அறிந்து, அவர் தலைமுடியை முடிந்துகொண்டு வீட்டுக்குப் புறப்படும் ஓசையைக் கேட்டுக்கொண்டு இருளில் உட்கார்ந்திருப்பது அன்றாட வேலையாக உள்ள மனிதர் இவர்.

இந்தச் சுமை அக்கதிர்களோடு கூடவே பிறந்தது எனலாம். வில்ஹெல்ம் ரான்ட்ஜென் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பர் 8-ஆம் நாள் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த மாதம் 22-ஆம் நாள் தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்பு விரல்களும் அவற்றில் ஒன்றைச் சுற்றிய மோதிரமும் தெரிந்தன. அதைக் கண்ட அம்மையார் தம் சாவையே கண்டுவிட்டதாகச் சொன்னார் என்பர். ரான்ட்ஜென் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. அதன் கேட்டை அறியாத முதல் தலைமுறையினர் பலர் விரல்களையும் உயிரையும் இழந்தனர். எடிசனின் உதவியாளராயிருந்த கிளாரன்ஸ் டாலி 1904-இல் அவ்வாறே மாண்டார். அத்தகையோர் நினைவாக ஹாம்பர்க் நகரில் 1936-இல் நினைவுத்தூண் ஒன்று எழுப்பப்பட்டது. இன்று நம் அன்பர் சட்டையில் குத்தியுள்ள சிறு வில்லை, அவர்மேல் படும் கதிரின் அளவைக் கணக்கு வைக்கிறது. உடலில் படுவதை அளக்க வில்லை உண்டு. உள்ளத்தில் படுவதை அளக்க எதுவும் இல்லை.

அவர் கேட்ட கேள்வி

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறோம். அவர் அதை ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்கவில்லை. மாலைத் திருப்பலி முடிந்தபின் பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து கேட்டார். எழுதுவதற்கும் இசைவு தந்திருக்கிறார். இடமும் ஆளும் தெரியாதவாறு சிலவற்றை விலக்கியிருக்கிறோம்.

ஐம்பது வயதைக் கடந்த உழைப்பாளி ஒருவர், கீழே விழுந்து விலாவில் வலியென்று வந்தார். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். விலா எலும்பில் முறிவு உண்டா என்பதே கேட்கப்பட்ட கேள்வி. முறிவு இருந்தது. நம் அன்பர் அதைக் கண்டு எழுதினார். அன்றைய பட்டியலின் இறுதியில் இருந்த படங்களுள் அதுவும் ஒன்று. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் அதே மனிதர் தீராத இருமலோடு வந்தார். இம்முறை சி.டி. ஸ்கேன். நுரையீரலில் புற்றுநோய், மற்ற உறுப்புகளுக்கும் பரவியிருந்தது. நம் அன்பர் பழைய எக்ஸ்ரேயை எடுத்துப் பார்த்தார். காறை எலும்பின் நிழலுக்குப் பின்னே பட்டாணி அளவில் ஒரு நிழல், ஓராண்டுக்கு முன்பே அங்கிருந்தது. சில மாதங்களில் அம்மனிதர் இறந்துபோனார்.

"ஃபாதர், அது என் கண்முன் இருந்தது. நான் காணவில்லை. காணாமல் விட்டது பாவமா?" என்று கேட்டார். சற்று நேரம் கழித்து, "அவர் மனைவிக்கு இது தெரியாது. நான் சொல்ல வேண்டுமா?" என்றும் கேட்டார். இரண்டு கேள்விகளுக்கும் நாம் விரைவாகவே விடை சொன்னோம். வேண்டுமென்று செய்யாதது பாவமன்று என்றோம். கணவனை இழந்தவரை மேலும் நோகச் செய்வதால் யாருக்கு என்ன பயன், அமைதியாக இருங்கள் என்றோம். முதல் விடையைப் பற்றி இன்னமும் சிந்திக்கிறோம். இரண்டாவதை நினைத்து வெட்கப்படுகிறோம்.

காணாமை குற்றமா?

குருமடத்தில் அறநெறி இறையியல் கற்றபோது அறியாமையை இரு வகையாகப் பிரித்துக் கற்பித்தார்கள். புனித தாமஸ் அக்குவினாஸ் வகுத்த வழி அது. எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று. தகுந்த முயற்சி எடுத்திருந்தால் நீக்கியிருக்கக்கூடிய அறியாமை மற்றொன்று. முன்னதற்குப் பொறுப்பில்லை, பின்னதற்கு உண்டு. வகுப்பறையில் இந்தப் பிரிவு தெளிவாக இருந்தது. அந்த எக்ஸ்ரேயின்முன் அது அவ்வளவு தெளிவாக இல்லை. நிழல் இருந்தது, பார்க்கும் கண்ணும் இருந்தது, பயிற்சியும் இருந்தது. ஆயினும் காணவில்லை. முடிவை அறிந்த பிறகு திரும்பிப் பார்ப்பவருக்கு எல்லாம் எளிதில் தெரிகிறது. அறியாமல் பார்த்த அன்றைக்கு அது எளிதாக இருந்ததா?

இதைப் பற்றி அறிவியலார் ஆராய்ந்திருக்கின்றனர். 2013-இல் டிராஃப்டன் டுரூ என்பவரும் அவருடைய துணைவர்களும் அமெரிக்காவில் ஒரு சோதனையை வெளியிட்டனர். 24 கதிரியல் மருத்துவர்களிடம் நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்துச் சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசித் தொகுப்பில் ஒரு கொரில்லாக் குரங்கின் உருவத்தை, வழக்கமான கட்டியைப்போல் 48 மடங்கு பெரிதாக, நுழைத்து வைத்தார்கள். 24 பேரில் 20 பேர் அக்குரங்கைக் காணவில்லை! கண்ணின் அசைவைப் பதிவு செய்யும் கருவியும் அங்கிருந்தது. காணாதவர்களுள் பெரும்பாலோரின் பார்வை அக்குரங்கின்மேல் நேராகவே படிந்திருந்தது. கண் பார்த்தது, மனம் கட்டியைத் தேடிக்கொண்டிருந்தது. அவர்கள் கவனமற்றவர்கள் அல்லர். கவனம் ஓரிடத்தில் குவிந்ததால்தான் மற்றோரிடத்தில் குருடாயினர்.

இத்துறையினர் நன்கறிந்த மற்றொரு தடுமாற்றமும் உண்டு. ஒரு படத்தில் ஒரு கோளாற்றைக் கண்டவுடன் மனம் நிறைவடைந்து, தேடலை அத்துடன் நிறுத்திவிடுகிறது. இரண்டாவது கோளாறு தப்பிவிடுகிறது. நம் அன்பருக்கு நிகழ்ந்தது இதுவே. விலா முறிவு கிடைத்தது, கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது, கண் ஓய்ந்தது. அன்று முறிவே இல்லாதிருந்தால், ஒருவேளை அவர் படம் முழுவதையும் தேடியிருப்பார். பட்டாணி நிழலைக் கண்டிருப்பார். கிடைத்ததே மறைத்துவிட்டது.

இங்கேதான் அறநெறியின் கேள்வி நம்மை நெருங்குகிறது. நற்செய்தியில் வரும் செல்வர் தம் வாயிலில் கிடந்த இலாசரை அடித்தார் என்றோ விரட்டினார் என்றோ சொல்லப்படவில்லை. நாள்தோறும் அவ்வாயிலைக் கடந்துதான் அவர் போய்வந்திருக்க வேண்டும். பார்வையில் பட்டவனை அவர் பொருட்படுத்தவில்லை. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் செய்த தீமைகளை மட்டுமன்றி, செய்யத் தவறியவற்றையும் அறிக்கையிடுகிறோம். தவறியவற்றின் பட்டியலை எவரால் முழுமையாகச் சொல்ல முடியும்? காணாததை எவ்வாறு கணக்கில் எழுதுவது? ஆகவே நாம் இவ்வாறு கருதுகிறோம்: கண் தவறுவது மனித இயல்பு, அது பாவமாகாது. ஆனால் தவறக்கூடிய கண் என்று அறிந்தபின், 'கிடைத்துவிட்டது, போதும்' என்று ஓய்ந்துவிடாத பழக்கத்தை வளர்த்துக்கொள்வது கடமை. அப்பழக்கத்தை வளர்க்க மறுப்பதே குற்றம். அன்று தப்பியதற்காக அல்ல, மறுநாள் எவ்வாறு பார்க்கிறோம் என்பதற்காகவே நாம் தீர்ப்புக்கு உள்ளாகிறோம்.

எதைத் தேடுகிறோம்?

தேடலை நிறுத்துவது ஒருபுறமிருக்க, தேடப்படுவது எது என்பதும் கேள்வியே. இதை நம் நாட்டுக் கதிரியல் மருத்துவரைப்போல் அறிந்தவர் இலர். கருவுற்ற தாயின் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்ததும் குழந்தையின் துடிப்பு திரையில் தெரிகிறது. அவருக்குப் பல செய்திகள் தெரிகின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் அவர் எவரிடமும் சொல்லக்கூடாது. 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் நடைமுறைக்கு வந்து 2003-இல் மேலும் இறுக்கப்பட்ட சட்டம் அது. சொல்லாலோ சைகையாலோ வேறெவ்வகையாலோ கருவின் பாலினத்தைத் தெரிவித்தால் சிறைத்தண்டனை உண்டு. ஒவ்வொரு தாய்க்கும் தனிப் படிவம் நிரப்ப வேண்டும். சுவரில் அறிவிப்புப் பலகை வைத்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்வதே மருத்துவ அறம் என்றிருக்க, ஓர் உண்மையைச் சொல்லாதிருப்பதே அறம் என்று சட்டம் ஏன் கட்டளையிட வேண்டியதாயிற்று?

பெண் சிசுக்களைக் காப்பதற்கென்று நம் தமிழகத்தில் 1992-இல் அரசு தொட்டில்களை வைக்க நேர்ந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறந்தபின் நிகழ்ந்த கொடுமை, கருவி வந்தபின் பிறக்குமுன்னரே நிகழத் தொடங்கியது. "சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள் ஃபாதர். இனிப்பு எந்த நிறத்தில் வாங்கட்டும் என்று கேட்பார்கள். நான் சுவரிலுள்ள பலகையைக் காட்டுவேன்" என்றார் நம் அன்பர். ஆணா பெண்ணா என்ற ஒன்றை மட்டும் தேடுகிற பார்வை, 'பெண்' என்ற விடை கிடைத்தவுடன் ஓய்ந்துவிடுகிறது. அதற்குப்பின் அங்கே துடிக்கும் இதயம் அதற்குத் தெரிவதில்லை. வளைந்த முதுகெலும்பு தெரிவதில்லை. வாயருகே உயர்ந்த சிறு கை தெரிவதில்லை. ஒரு குழந்தை தெரிவதில்லை. இங்கும் கிடைத்ததே மறைத்துவிடுகிறது. அங்கே கவனப் பிழை. இங்கே அன்பின் பிழை. ஆயினும் இரண்டின் போக்கும் ஒன்றே.

முகம்

கேட்டதற்கு மேலும் பார்க்கும்படி ஒரு கண்ணைத் தூண்டுவது எது? எருசலேமிலுள்ள ஷாரே செதெக் மருத்துவமனையைச் சேர்ந்த யொனத்தான் டர்னர் என்ற இளம் மருத்துவர் 2008-இல் ஓர் ஆய்வை முன்வைத்தார். சி.டி. ஸ்கேனுக்கு வந்த 318 நோயாளிகளின் இசைவோடு அவர்கள் முகத்தைப் புகைப்படம் எடுத்து, ஸ்கேன் படத்தைத் திறக்கும்போது அதுவும் தோன்றுமாறு செய்தார். 15 கதிரியல் மருத்துவர்கள் பார்த்தார்கள். முகத்தைக் கண்டபோது நோயாளியோடு நெருக்கம் உணர்ந்ததாகச் சொன்னார்கள். அது மட்டுமன்று, கேட்கப்பட்ட நோய்க்குப் புறம்பாகத் தற்செயலாகத் தெரியும் கோளாறுகள் குறிக்கப்பட்டிருந்த 81 படங்களை, மூன்று மாதங்களுக்குப்பின் முகமில்லாமல் அதே மருத்துவர்களிடம் மீண்டும் காட்டியபோது, அத்தகைய குறிப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு விடுபட்டுப்போயின.

முகத்தில் நோயின் அடையாளம் எதுவும் இல்லை. நுரையீரலின் மூலையில் இருப்பதை முகம் காட்டித்தராது. ஆயினும் இது ஒரு மனிதர் என்று நினைவூட்டியதால், கேள்விக்கு விடை கிடைத்தபின்னும் கண் ஓயவில்லை. கேள்விக்கு விடை ஒன்றோடு முடியும். மனிதருக்கு அவ்வாறு முடிவதில்லை.

இப்போது கணினிகளே படங்களைப் பார்க்கும் காலம் வந்திருக்கிறது. இனிக் கதிரியல் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை நிறுத்திவிடலாம் என்று, கணினி அறிஞர் ஜெஃப்ரி ஹின்டன் 2016-இல் சொன்னார். அவ்வாறு நிகழவில்லை. ஆயினும் கருவியின் உதவி சிறிதன்று. சுவீடனில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சோதனை நடத்தி 2023-இல் வெளியிட்ட முடிவுகள், கணினியின் துணையால் படம் பார்க்கும் வேலைச்சுமை 44 விழுக்காடு குறைந்ததாகவும், நோய் கண்டறிவதில் குறைவு ஏற்படவில்லை என்றும் காட்டின. களைப்படையாத துணைவர் கிடைப்பது நன்றே. பட்டியலின் இறுதியில் வரும் ஏழையின் படத்தை முதல் படத்தைப் போன்றே அது பார்க்குமானால் நாம் அதை வரவேற்க வேண்டும். ஆனால் தப்பிய நிழலுக்காக உறக்கம் இழப்பதற்கும், இறந்தவரின் வீட்டுப் படியேறிச் செல்வதற்கும் கருவியை அனுப்ப முடியாது.

அந்த வீட்டில்

நம் அன்பர் அப்படியேறிச் சென்றார். நம் அறிவுரையை அவர் ஏற்கவில்லை. முதலில் மருத்துவமனைப் பொறுப்பாளர்களிடமும் சிகிச்சை அளித்த மருத்துவரிடமும் சொன்னார். பின்னர் அந்த அம்மையாரின் வீட்டுக்குப் போனார். மகன் கொதித்தெழுந்து கத்தினாராம். நம் அன்பர் தலைகுனிந்து நின்றிருக்கிறார். அம்மையார் அழவில்லை. "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா பிழைச்சிருப்பாரா அய்யா?" என்று கேட்டார். "உறுதியாகச் சொல்ல முடியாதம்மா. ஆனால் வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கும்" என்று இவர் சொல்லியிருக்கிறார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. தம் அறிக்கைகளை எழுதும் அதே அளவோடு சொன்னார்.

பின்பு அம்மையார் அந்தப் பழைய படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். இவர் கொண்டுபோயிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்து, இந்த இடம் என்று விரலால் தொட்டுக் காட்டினார். அம்மையார் வெகுநேரம் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே அய்யா" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இவர் எழுந்து வரும்போது வாசல்வரை வந்தாராம்.

இதை நம் அன்பர் நம்மிடம் சொன்னபோது நம் பிழை நமக்கு விளங்கியது. திண்ணையில் நம்முன் அமர்ந்திருந்தவர் நண்பர். அவருடைய துயரம் நமக்குத் தெரிந்தது. அதைக் கண்டதும் அதற்கு ஆறுதல் தேடினோம், ஆறுதல் கிடைத்தது, அத்துடன் ஓய்ந்தோம். அதே படத்தில் இன்னொருவர் இருந்தார். தம் கணவருக்கு நேர்ந்ததை அறியும் உரிமை உடையவர், நம் பங்கைச் சேராதவர், நாம் முகம் அறியாதவர். அவரை நாம் காணவில்லை. அவரை நோகச் செய்ய வேண்டாம் என்று அவர் பெயராலேயே பேசினோம். ஆனால் நம் நண்பரை நோகாமல் காப்பதே நம் உள்ளத்தில் இருந்தது. முப்பது ஆண்டுகளாக மனித உள்ளங்களைப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கும் பட்டாணி நிழல் தப்பிவிட்டது. அவருக்காவது களைப்பு இருந்தது. நமக்கு அந்தச் சாக்குக்கும் இடமில்லை.

அன்பு வாசகர்களே, நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் பிறரைப் பார்க்கிறோம். மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பார்க்கிறோம். மதிப்பெண்ணைக் கண்டதும் நின்றுவிடுகிறோம். குடித்துவிட்டு வரும் அண்டை வீட்டாரைப் பார்க்கிறோம். குடியைக் கண்டதும் நின்றுவிடுகிறோம். வாய் ஓயாமல் குறை சொல்லும் மாமியாரைப் பார்க்கிறோம். குறையைக் கண்டதும் நின்றுவிடுகிறோம். நாம் கண்டது பொய்யன்று. விலா முறிந்திருப்பது உண்மைதான். ஆனால் படம் இன்னும் முடியவில்லை.

நம் அன்பர் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். ஒரு படத்தில் ஏதேனும் கோளாறு கிடைத்துவிட்டால், அதை எழுதிவிட்டு, அது கிடைக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து பார்க்கிறார். காறை எலும்புக்குப் பின்னால் முதலில் பார்க்கிறார். பட்டியல் சற்று மெதுவாகவே நகர்கிறது. அதற்காக அவருக்குக் கண்டனமும் வருகிறது. ஏற்றுக்கொள்கிறார். அம்மையார் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போய்வருகிறார். மகன் இன்னும் பேசுவதில்லை.

உறையைப் பிரிக்காமல் நம்மிடம் கொண்டுவருபவர்களுக்கு நாமும் செபிக்கிறோம். இப்போது அச்செபத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொள்கிறோம்: இருண்ட அறையில், கடைசிப் படத்தின்முன், கிடைத்ததோடு நின்றுவிடாமல் மீண்டும் ஒருமுறை பார்க்கும் அந்த முகம் தெரியாத மனிதரை.